கட்டாந்தரையில் ஒரு கரணம்

மூன்று வயசுக் குழந்தை பாயில் குட்டிக்கரணம் போட்டால் வீடே கை தட்டும். "இன்னொரு தடவை போடு கண்ணு" என்று பாட்டி கெஞ்சுவாள். அதே குழந்தை பதிமூன்று வயசில், "பின்பக்கமா அந்தர் பல்டி அடிக்கக் கத்துக்கப் போறேன், அதுவும் கட்டாந்தரையில" என்று சொன்னால் வீடு இரண்டுபட்டுப் போகும். எங்கள் வீடு 2024 கோடை விடுமுறையில் அப்படித்தான் இரண்டுபட்டது.

நாங்கள் திருச்சியில் காவிரிக் கரைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். என் பெண் பக்கத்துத் தெருச் சிலம்ப வாத்தியாரிடம் இரண்டு வருஷமாகக் கம்பு சுற்றக் கற்றுக் கொண்டு வந்தாள். "தற்காப்புக்கு நல்லதுதானே" என்று என் வீட்டுக்காரரே ஃபீஸ் கட்டி அனுப்பினார். அங்கே மூத்த பையன்கள் ஆட்டத்தை முடிக்கும்போது, நின்ற இடத்திலிருந்தே பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவார்கள். அதைப் பார்த்ததிலிருந்து இவளுக்கும் ஆசை.

என் மாமியார்தான் முதலில் பிடித்துக் கொண்டார். "ஏம்மா, வயசுக்கு வந்த புள்ள. தலைகீழா சுத்தினா கர்ப்பப்பை எறங்கிடாதா? நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு ஆக வேண்டாமா?" என்றார். என் வீட்டுக்காரர் வேறு விதமாகப் பயந்தார். "கை கால் ஒடிஞ்சா கட்டுப் போட்டுக்கலாம். கழுத்து போச்சுன்னா?"

இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரியாமல் 'சரி' என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை, 'வேண்டாம்' என்று சொல்லவும் வரவில்லை. நான் பத்தாவது வரை படித்தவள். தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்க எனக்குக் கூச்சம் கிடையாது. எங்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் லேடி டாக்டரிடம் மாமியாரையும் அழைத்துக் கொண்டு போனேன்.

டாக்டரம்மா சிரிக்காமல் பொறுமையாகச் சொன்னார். "கர்ப்பப்பையை இடுப்புக் கூட்டுக்குள்ள தசைகளும் தசைநார்களும் பிடிச்சு வெச்சிருக்கும்மா. சின்னப் பொண்ணு கரணம் போட்டா நழுவி விழற பொருள் இல்ல அது. பல பிரசவம், கஷ்டமான பிரசவம், வயசான தளர்ச்சி, இதுகளாலதான் பெரும்பாலும் இறங்கும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க பார்க்க வேண்டியது கழுத்து, மணிக்கட்டு, குதிகால். வளர்ற வயசுல எலும்பு முனை இன்னும் முழுசா கெட்டிப்படல. அங்க வலிக்குதுன்னா ஓய்வு குடுங்க. இன்னொண்ணு, சாப்பாட்டைக் குறைக்க விடாதீங்க. பயிற்சி அதிகம், சாப்பாடு கம்மின்னா மாதவிலக்கு தள்ளிப் போகும், எலும்பும் பலவீனமாயிடும்."

திரும்பி வரும்போது மாமியார் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வயலூர் முருகனுக்கு என்று சாமி மாடத்தில் வைத்தார். அதுதான் அவருடைய சம்மதம்.

அடுத்தாற்போல் வாத்தியாரைப் போய்ப் பார்த்தேன். அறுபது வயசுக்கு மேல் ஆன மனிதர். "எடுத்த உடனே குதிக்க விட மாட்டேம்மா. நீங்களும் தினம் வந்து உக்காந்து பாருங்க" என்றார். போய் உட்கார்ந்தேன். முதல் மூன்று வாரம் பல்டியே கிடையாது. பாயில் முன்னுருளல், பின்னுருளல். தாடை நெஞ்சைத் தொட வேண்டும். தலையைப் பின்னால் எறியக் கூடாது. அப்புறம் வெறும் குதிப்பு. இரண்டு கையையும் காதோரம் வீசி நேரே மேலே எழும்பி, முட்டியை மடக்கி இறங்க வேண்டும். இறங்கும்போது சத்தம் கேட்டால் அந்தக் குதிப்பு கணக்கில் சேராது. "பூனை மாதிரி எறங்கு பாப்பா" என்பார்.

பல்டியில் எல்லாரும் பின்னால் சாய்ந்து குதிக்கப் பார்க்கிறார்களாம். அங்கேதான் கோளாறு என்றார் வாத்தியார். பின்னால் குதித்தால் உயரம் கிடைக்காது. உயரம் இல்லாவிட்டால் சுற்றி முடிக்க நேரம் இருக்காது. தலை தரைக்கு வந்துவிடும். நேரே மேலே போய், முட்டியை நெஞ்சுக்கு இழுத்தால் உடம்பு தானே சுற்றும். அவர் கண்டிப்பாகச் சொன்ன ஒன்று உண்டு. "எழும்பறதுக்கு முன்னாடி எத்தனை தடவை வேணும்னாலும் வேணாம்னு சொல்லு. எழும்பின பிறகு சொல்லாத. பாதியில ஒடம்பை நீட்டினா கழுத்துதான்."

மே, ஜூன் இரண்டு மாசமும் காவிரி மணலில் பயிற்சி. காலை ஐந்தரை மணிக்கு நானும் கூடப் போவேன். குதிக்கும் இடத்தை நாலு முழத்துக்குக் கையால் துழாவி, கண்ணாடிச் சில்லு, முள், கல் எல்லாம் பொறுக்குவது என் வேலை. வாத்தியார் ஒரு கையை அவள் இடுப்புக்குப் பின்னாலும் இன்னொரு கையைத் தொடைக்குப் பின்னாலும் கொடுத்துத் தூக்கிச் சுற்றி விடுவார். ஜூலை நடுவில் மணலில் தானாகவே சுற்றி இறங்கிவிட்டாள்.

வீட்டில் சாப்பாட்டையும் மாற்றினேன். காலையில் கேழ்வரகுக் கூழ். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்பதால் பால் குடிக்க முரண்டு பிடிக்கும் என் பெண்ணுக்கு அது பெரிய உதவி. பயிற்சி முடிந்து வந்ததும் அவித்த முட்டையும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும். வாரத்தில் இரண்டு நாள் முருங்கைக்கீரை.

அந்த வருஷம் ஜூலைக் கடைசியில் மேட்டூரைத் திறந்தார்கள். காவிரியில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. ஊரெல்லாம் சந்தோஷம், எங்களுக்கு மட்டும் மணல் போயிற்று. அதே சமயம் பள்ளிக்கூடத்தில், ஆகஸ்ட் 15 விழாவில் கொடிமரத்துக்கு முன்னால் சிலம்பம் ஆடி, முடிவில் அந்தர் பல்டி அடிக்க வேண்டும் என்று இவள் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். அங்கே சிமெண்டுத் தரை.

வாத்தியார் கட்டாந்தரையில் கை கொடுத்து ஒரு தடவை சுற்றி விட்டார். மணலில் காலைப் புதைத்து எழும்பியவளுக்குக் கெட்டித் தரையில் உயரம் கூடுதலாகவே வந்தது. ஆனால் இறக்கத்தில் தரை கொஞ்சமும் இடம் கொடுக்கவில்லை. போட்டிகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடும் தளத்துக்கு அடியில் ஸ்பிரிங்கும் பலகையும் நுரை மெத்தையும் இருக்கும். கட்டாந்தரையில் அதெல்லாம் கிடையாது. உடம்பு எடையைப் போலப் பல மடங்கு அதிர்ச்சியைக் கால்தான் வாங்க வேண்டும். இவள் தடுமாறி முன்னால் விழுந்து கையை ஊன்றினாள். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. மூன்று வாரம் ஓய்வு என்றார் டாக்டர்.

ஒரு வாரம் போனதும், "வலி போயிடுச்சும்மா, பதினஞ்சாம் தேதி ஆடறேன்" என்று ஆரம்பித்தாள். நான் பதில் சொல்லாமல் சப்பாத்தி மாவைப் பிசையச் சொன்னேன். இடது கையாலேயே பிசைந்து முடித்தாள். "வலது கையை வெச்சு அமுக்கு" என்றேன். முகம் சுருங்கிற்று.

"அம்மா, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கேலி பண்ணுவாங்க."

பள்ளிக்கூடத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். "ஒரே ஒரு பல்டிதானே, பேரு அச்சடிச்சாச்சு" என்றார்கள்.

அப்போது எனக்கு நினைவு வந்தவள் எலேனா முகினா. ரஷ்யப் பெண். 1978-ல் ஜிம்னாஸ்டிக்ஸில் உலகச் சாம்பியன். 1979-ல் கால் எலும்பு முறிந்தது. அது சரியாகத் தேறுவதற்கு முன்பே பயிற்சிக்கு இறக்கிவிட்டார்கள். மாஸ்கோ ஒலிம்பிக்ஸ் நெருங்கிக் கொண்டிருந்ததாம். 1980 ஜூலையில், போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கடினமான ஒரு கரணத்தில் உயரம் போதாமல் தாடை தரையில் மோதிக் கழுத்து முறிந்தது. அப்போது வயசு இருபது. அதற்குப் பிறகு 2006-ல் இறக்கும் வரை கை கால் அசைக்க முடியாமல் கிடந்தாள். அந்த வகைக் கரணத்தைப் பெண்கள் பிரிவில் பின்னால் தடை செய்துவிட்டார்கள்.

இதை என் பெண்ணிடம் அப்படியே சொன்னேன். பயமுறுத்துவதற்காக இல்லை. உலகச் சாம்பியனுக்கே 'இன்னும் தேறவில்லை' என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. உனக்கு நான் இருக்கிறேன் என்று சொல்லத்தான். பள்ளிக்கூடத்துக்குப் போய், "இந்த வருஷம் இல்லைங்க. பேரை அடிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமியார்தான் சொன்னார்: "பேசாட்டி போகட்டும் விடும்மா. எழுந்து நடந்து போறா இல்ல, அது போதும்."

கை சரியான பிறகு வேறொரு தொல்லை வந்தது. நின்றாள், கையை வீசினாள், எழும்பவே முடியவில்லை. பத்து தடவை நின்று பத்து தடவையும் திரும்பி வந்து அழுதாள். "விட்டுடலாமா கண்ணு?" என்று கேட்டேன். "வேணாம்மா, ஆனா கால் வரமாட்டேங்குது" என்றாள்.

வாத்தியார் கோபிக்கவில்லை. "பயத்தோட சண்டை போடாத. எந்தப் படியில பயம் இல்லையோ, அந்தப் படிக்கு எறங்கு" என்றார். இங்கேதான் எனக்கு வேலை வந்தது. பழைய கோணிச் சாக்குகளைத் துவைத்துக் காயப் போட்டு, வைக்கோல் அடைத்து, மெத்தை மாதிரி குறுக்கும் நெடுக்கும் தைத்தேன். மொத்தம் நாலு. வழுக்காமல் இருக்கக் கடைசிச் சாக்கின் நாலு மூலையையும் முளை அடித்துக் கட்டினோம். ரொம்ப மெத்தென்று இருந்தாலும் கணுக்கால் பிசகும் என்று வாத்தியார் சொன்னதால் வைக்கோலை நன்றாக மிதித்துக் கெட்டியாக்கினேன்.

நாலு சாக்கில் பயம் இல்லை. பதினைந்து நாள் கழித்து மூன்று. தீபாவளிக்குள் இரண்டு. அந்த அக்டோபரில்தான் அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாக்கர் ஓய்வு பெறும் செய்தி வந்தது. தட்டைப் பாதத்தோடு பிறந்த பெண்; 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் நாலாவது இடம்; வெறும் 0.15 புள்ளியில் வெண்கலம் தவறிற்று. என் பெண் அந்தச் செய்தியைக் கத்தரித்துப் பீரோ கதவில் ஒட்டினாள். மார்கழியில் ஒரே ஒரு சாக்கு. அதன் வைக்கோலும் நசுங்கிப் பாய் மாதிரி ஆகிவிட்டது.

2025 பொங்கலுக்கு முந்தின வாரம், ஒரு காலையில் அந்தச் சாக்கையும் அவளே சுருட்டி ஓரமாக வைத்தாள். வாத்தியார் பக்கத்தில் நின்றார், கை மட்டும் கொடுக்கவில்லை. நான் மூச்சைப் பிடித்துக் கொண்டேன். மேலே போனாள், முட்டி நெஞ்சுக்கு வந்தது, பின்னல் ஒரு தரம் சுழன்றது, இரண்டு பாதமும் செம்மண் தரையில் இருந்தன. இறங்கிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கை தட்டவும் அங்கே கூட்டம் இல்லை. "இன்னொண்ணு அடிக்கட்டுமா வாத்தியாரே?" என்று கேட்டாள். "இன்னிக்கு ஒண்ணு போதும்" என்றுவிட்டார் அவர்.

மாமியார் அன்றைக்கே மஞ்சள் துணியை எடுத்துக் கொண்டு வயலூர் கிளம்பிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெண்ணோ பையனோ இப்படிக் கேட்கலாம். செல்போனில் பார்த்துவிட்டு மொட்டைமாடியில் தானாகக் குதிக்க மட்டும் விடாதீர்கள். சொல்லிக் கொடுப்பவர் யார், எப்படிக் கை கொடுக்கிறார் என்று நாலு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். வளையல், சங்கிலி, கொலுசு, துப்பட்டா எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் பயிற்சி. அக்கம்பக்கத்தார் பேசினால் பேசட்டும். தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம், ஓயாத தலைவலி இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. அறிகுறி ஒன்றும் பெரிதாகத் தெரியாவிட்டாலும் அன்றைக்கு மறுபடி குதிக்கக் கூடாது. கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துவிட்டது என்று சொன்னால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்கிறேன் என்று தலையைத் திருப்பாதீர்கள். படுத்தபடியே அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

'வேண்டாம்' என்று சொல்வது சுலபம். 'சரி' என்று சொல்வதும் சுலபம்தான். 'இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்' என்று சொல்லிவிட்டு அந்தக் கொஞ்ச நாளும் கூடவே உட்கார்ந்திருப்பதுதான் சிரமம். ஆனால் அதற்கு வைக்கோலும் சாக்கும் போதும், சகோதரிகளே; பெரிய செலவு ஒன்றும் இல்லை.