தபால் அட்டை அளவு ஓட்டை

தில்லியில் வீடு கட்டுகிறவர்கள் ஜூன் மாதத்தை மனதில் வைத்துக்கொண்டு கட்டுகிறார்கள். அதில் தப்பில்லை. 45 டிகிரி வெயிலில் மனிதனுக்கு வேண்டியது குளிர்ந்த மொஸைக் தரை, எதிரெதிரே ஜன்னல்கள், சூடான காற்று வெளியேறக் கூரையை ஒட்டி ஒரு ரோஷன்தான். டிசம்பர் பிற்பாதி வந்ததும் இந்த வசதிகள் எல்லாம் கட்சி மாறிவிடும்.

ஊரில் இருப்பவர்களுக்கு தில்லிக் குளிர் என்றால் பனிமூட்டமும் தாமதமாக வரும் ரயிலும்தான். வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர், காலுறை, குல்லாயோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்றால் சிரிப்பார்கள். சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தின் கணக்குப்படி 1935 ஜனவரி 16 அன்று மைனஸ் 0.6 டிகிரி. 2021 புத்தாண்டு அன்று காலையில் 1.1 டிகிரி. 2019 டிசம்பர் 30 அன்று பகலின் அதிகபட்ச வெப்பமே 9.4 டிகிரிதான். இதைவிடக் கடுமையான குளிர் அடிக்கும் நாடுகள் உண்டு. ஆனால் அங்கே வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தால் குளிர் முடிந்துவிடும். இங்கே அது நமக்கு முன்பே வந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கும்.

என் அம்மா கும்பகோணத்திலிருந்து குளிர்காலத்தில் வந்து தங்க ஆரம்பித்த பிறகுதான் நான் ஜன்னல்களைக் கவனித்துப் பார்த்தேன். அவருக்குத் தோள்பட்டை வலி. "ஜன்னல்தான் சாத்தியிருக்கே, அப்புறம் எங்கேருந்துடி சில்லுனு வருது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்வி. பதில் சொன்னது பூஜை அலமாரியில் இருந்த ஊதுபத்தி. மின்விசிறியை நிறுத்தி, கதவுகளைச் சாத்தி, கொளுத்திய ஊதுபத்தியை ஜன்னல் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்தினால், காற்று நுழையும் இடத்தில் புகை உள்பக்கமாக வளையும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டியதுதான். அரை மணி நேரத்தில் எங்கள் ஜன்னல் முழுக்கப் பென்சில் கோடு.

எங்கள் குடியிருப்பு பழையது. இரும்புச் சட்டத்தில் இரும்புக் கதவுகள். வருடக்கணக்காகப் பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து, கொக்கி போட்டாலும் கதவு முழுதாகப் படியாது. நான்கடிக்கு நான்கடி ஜன்னல் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுற்றளவும் இரண்டு கதவுகள் சேரும் நடுக்கோடும் சேர்ந்து சுமார் 6 மீட்டர். இடைவெளி 2 மில்லிமீட்டர்தான் என்றாலும் மொத்தம் 120 சதுர சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு தபால் அட்டை. சுவரில் தபால் அட்டை அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டுப் பக்கத்தில் ஹீட்டர் வைத்துக்கொள்கிற ஆளை நாம் என்னவென்று சொல்வோம்? தில்லியில் லட்சக்கணக்கான வீடுகளில் அதைத்தான் செய்கிறோம். காற்றே அடிக்காத பனிமூட்ட இரவிலும் இது நிற்காது. அறையின் சூடான காற்று மேலே எழுந்து ரோஷன்தான் வழியாகப் போகும். அந்த இடத்தை நிரப்பக் கீழே இருக்கும் இடுக்குகள் வழியாகக் குளிர்காற்று உள்ளே வரும்.

ஹீட்டர் 2,000 வாட் என்றால் மணிக்கு 2 யூனிட். தினமும் ஐந்து மணி நேரம், ஒரு மாதத்துக்கு 300 யூனிட். மாதம் 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம் என்று 2019இல் தில்லி அரசு அறிவித்தபோது மகிழ்ந்தவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

ஹார்டுவேர் கடையில் ஃபோம் டேப் என்று கேட்டால் கொடுப்பார்கள். பஞ்சு போன்ற பட்டை, ஒரு பக்கம் பசை. கதவு வந்து சட்டத்தில் உட்காரும் இடத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டும் வேலையைவிடத் துடைக்கும் வேலைதான் பெரிது. உதிரும் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, வெயில் இருக்கும் மதியத்தில் ஒட்டினால் மார்ச் வரை நிற்கும். தூசியின் மேல் ஒட்டினால் மூன்றாம் நாள் தொங்கும். தடிமனான பட்டை வாங்கினால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். கதவு கொக்கிக்கு எட்டாது.

கதவே திறக்கத் தேவையில்லாத ஜன்னலாக இருந்தால் இன்னும் மலிவு. செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, மைதாப் பசை தடவி, இடுக்கின் மேல் ஒட்டிவிடலாம். சுவரொட்டி ஒட்டிய பரம்பரைக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. மார்ச்சில் வெந்நீரால் நனைத்தால் உரிந்துவிடும். கண்ணாடி ஆடினால் கொஞ்சம் புட்டி. கதவின் அடியில், பழைய புடவைத் துணியில் மணல் நிரப்பித் தைத்த ஒரு நீள உருண்டை. அம்மா தைத்தது பாம்பு மாதிரியே இருந்ததால் அதற்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை பெயரும் வைத்துவிட்டது.

பெரிய குற்றவாளி வேறு. அது கூலர். ஜன்னலில் பொருத்திய டெசர்ட் கூலரைப் பலர் ஜனவரியிலும் அப்படியே விட்டிருப்பார்கள். தண்ணீர் இல்லை என்பதைத் தவிர அதற்கு வேறு மாற்றம் கிடையாது. மூன்று பக்கமும் சல்லடை, உள்ளே பெரிய விசிறித் துளை. அதை இறக்கி, ஜன்னலுக்கு அளவாக ஒரு பிளைவுட் பலகையை அடைப்பதுதான் உத்தமம். இறக்க முடியாவிட்டால் வெளியே தார்பாலின், உள்ளே கனமான பிளாஸ்டிக் விரிப்பு. தெர்மோகோல் வெட்டி வைப்பதும் உண்டு. ஆனால் அது சட்டென்று தீப்பிடிக்கும். ஹீட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம்.

இடுக்குகளை அடைத்த பிறகும் கண்ணாடி மிச்சமிருக்கிறது. உள்ளே 20 டிகிரி, வெளியே 6 டிகிரி என்றால் அதே நான்கடி ஜன்னலின் ஒற்றைக் கண்ணாடி வழியாகச் சுமார் 115 வாட் வெப்பம் போய்க்கொண்டிருக்கும். பழைய 60 வாட் குண்டு பல்புகள் இரண்டை மொட்டை மாடியில் எரியவிடுவதற்குச் சமம். பொருள்களைச் சுற்றிவரும் குமிழி பிளாஸ்டிக்கைத் தூக்கி எறியாதீர்கள். கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, குமிழிப் பக்கம் கண்ணாடியைப் பார்க்க வைத்து அழுத்தினால் பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும். நடுவே சிக்கிய காற்றுதான் கம்பளி. வெளிக்காட்சி மங்கும் என்பது உண்மை. வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே எங்களுக்குத் தெரிவது அடுத்த கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி, நஷ்டமில்லை. தெற்கு ஜன்னலை மட்டும் தொடக்கூடாது. டிசம்பர் கடைசியில் தில்லியில் நண்பகல் சூரியன் 38 டிகிரிக்கு மேல் ஏறாது. சாய்ந்து வரும் அந்த வெயில் அறைக்குள் வெகுதூரம் வரும். பகலில் திரையை விலக்கி வாங்கிக்கொண்டு, நாலரைக்கெல்லாம் கனத்த திரையைத் தரை தொட இழுத்துவிட வேண்டும்.

எனக்கு ஆன மொத்தச் செலவு 600 ரூபாய்க்குள். தோள்பட்டை வலி போகவில்லை. ஆனால் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

தமிழ் படித்தவளுக்கு இந்த இடத்தில் ஒன்று ஞாபகம் வராமல் இருக்காது. ஜன்னலுக்குத் தமிழில் காலதர் என்று ஒரு பழைய சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் குளிரில் காற்றின் வழியை எப்படி அடைப்பது என்று பார்க்க வேண்டுமென்றால் நெடுநல்வாடைக்குப் போக வேண்டும். வேனிலில் தென்றலைக் கொண்டுவந்த சாளரத்தை நாடாமல் கதவுகளைத் தாழிட்டுவிடுகிறார்கள். அகன்ற வாயுள்ள தடவு என்ற பாத்திரத்தில் நெருப்பிட்டுக் குளிர்காய்கிறார்கள். வகுப்பில் படித்தபோது அது வர்ணனை. தில்லியில் அந்தத் தடவுக்குப் பெயர் அங்கீட்டி. மூடிய அறைக்குள் அது ஆளைக் கொல்லும்.

2024 ஜனவரி நடுவில், தில்லி அலிப்பூர் பகுதியில் இரண்டு குழந்தைகள் உட்பட ஒரே குடும்பத்தில் நால்வரும் இந்தர்புரியில் இருவரும் மூடிய அறையில் இறந்து கிடந்தார்கள். இரண்டு இடத்திலும் சந்தேகம் அங்கீட்டியின் மேல்தான். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பற்றுக் கொண்டது. தலைவலி, மயக்கம் என்று தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. சமையலறையையும் கேஸ் கீசர் உள்ள குளியலறையையும் எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக்கூடாது என்பதும் இதனால்தான். மற்ற அறைகளையும் பிற்பகலில், புகைமண்டலம் கொஞ்சம் மேலே எழும் நேரத்தில், பத்து நிமிடமாவது திறந்து வைக்க வேண்டும். நம் மூச்சுக்காற்றும் போக வேண்டுமே.

எங்கள் வீட்டில் சமைக்க வரும் பெண், நான் ஒட்டுவதை இரண்டு நாள் பார்த்துவிட்டு, "மிச்சம் இருந்தால் கொடுங்கள், தீதி" என்றாள். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அதில் நான்கு பேர். ராத்திரி அங்கீட்டியை எங்கே வைக்கிறாய் என்று கேட்டேன். உள்ளேதான், வேறெங்கே என்றாள். அவளுடைய கதவிடுக்கு வழியாக வரும் குளிர்தான் இத்தனை வருடமாக அந்த நான்கு பேரையும் உயிரோடு வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. டேப்பைக் கொடுக்கவில்லை. அவளுக்கு வருத்தம், தனக்குக் கொடுக்க மனமில்லை என்றே நினைத்தாள். அம்மாதான், தமிழிலும் கையிலுமாக, அவளுக்கு விஷயத்தைச் சொன்னார்.

ஹீட்டர் வாங்கிக் கொடுக்கலாம். அந்த அறையின் ஒயர் தாங்காது. குடியிருப்புக் காவலாளிகளுக்கு மின் ஹீட்டர் கொடுக்கச் சொல்லிக் குடியிருப்போர் சங்கங்களுக்கு அறிவுரை வருகிறது, காற்று மாசைக் குறைப்பதற்காக. வீடுகளில் வேலை செய்கிறவர்களின் அறைகள் யார் பட்டியலிலும் இல்லை. கடைசியில் ஒரு ரஜாயும் இரண்டு ரப்பர் வெந்நீர்ப் பைகளும் என்று முடிவாயிற்று. அதை வாங்கிக் கொடுத்த பிறகு, அங்கீட்டி சாயங்காலத்தோடு வெளியே என்ற உறுதிமொழியின் பேரில், டேப்பையும் கொடுத்தேன். தலைக்கு மேலே இருக்கும் திறப்பை மட்டும் தொடாதே என்று சொல்லி. இப்போது தினமும் காலையில் அவள் வந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "பாஹர்?" அம்மாவுக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு ஹிந்திச் சொற்களில் அது ஒன்று. பெரும்பாலான நாட்களில் "பாஹர்" என்றே பதில் வருகிறது. சில நாட்களில் சிரித்துக்கொண்டே வெங்காயத்தை எடுக்கிறாள்.