நிலத்துக்கு அடியில் ஒரு ஃபிரிட்ஜ்!

அமெரிக்காவின் வடகோடி ஊர், உட்கியாக்விக். அலாஸ்கா மாநிலத்தின் ஆர்க்டிக் கடலோரத்தில் இருக்கிறது. 2016 வரை இதன் பெயர் பாரோ. வெளியூரிலிருந்து இங்கு வர சாலையே கிடையாது, விமானம்தான். கடைகளில் எல்லாமே யானை விலை! அதனால் இங்கு வாழும் இனுபியாட் மக்களுக்கு இன்றும் திமிங்கிலம், சீல், கரிபூ மான்தான் முக்கிய உணவு. திமிங்கில வேட்டைக்குச் சட்டப்படி அனுமதி உண்டு. ஆண்டுக்கு இத்தனைதான் என்ற கணக்கும் உண்டு.

வசந்த காலத்தில் திமிங்கிலம் சிக்கினால், ஊரே கூடிக் கயிறு கட்டிப் பனித்தரைக்கு இழுக்கும். அடுத்த நிமிடமே கத்தி இறங்கும். காரணம், தடித்த கொழுப்பு கம்பளி மாதிரி உடல் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். வெளியே எவ்வளவு குளிரடித்தாலும், தாமதித்தால் உள்ளே இறைச்சி கெட்டுவிடும்.

பங்கு பிரித்ததும் இறைச்சி 'சிக்லுவாக்' எனும் நிலவறைக்குப் போகும். வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண்ணில் தோண்டிய அறை இது. மேலே மரக்கதவு, உள்ளே இறங்க ஏணி. கரன்ட் பில் கிடையாது! புது வேட்டைக்கு முன் அறையைச் சுத்தம் செய்து, புதுப் பனியைப் பரப்புவார்கள்.

குளிர் மட்டுமே காப்பாற்றிவிடாது என்பதும் இவர்களுக்குத் தெரியும். வால்ரஸ், பனிக்கரடி இறைச்சியில் இருக்கும் ஒருவகைப் புழு, உறைய வைத்தாலும் சாகாது. நன்றாக வேகவைத்தே ஆக வேண்டும். அலாஸ்காவில் இறைச்சியைப் புளிக்க வைத்துச் சாப்பிடும் வழக்கமும் உண்டு. முன்பு புல் விரித்த குழியில் வைத்தார்கள். பிளாஸ்டிக் வாளியும் மூடியும் வந்த பிறகு, காற்றுப் புகாத இடத்தில் வளரும் பாட்டுலிசம் கிருமிக்குக் கொண்டாட்டம். உயிரையே பறிக்கும் விஷம் அது!

இப்போது புதுக் கவலை. பூமி சூடாவதால் உறைந்த மண் இளகுகிறது. சில நிலவறைகளில் தண்ணீர் புகுந்து, இறைச்சி வீணாகியிருக்கிறது. பலர் மின்சார ஃபிரீஸருக்கு மாறிவிட்டார்கள். ஆனால் நிலவறையில் பதமாகும் இறைச்சியின் ருசி அதில் வராது என்கிறார்கள் பெரியவர்கள்.

நிலவறையைச் சுத்தமாக வைத்து, கிடைத்ததை ஊரோடு பகிர்பவரைத் தேடித்தான் திமிங்கிலம் வரும் என்பது இனுபியாட் நம்பிக்கை. அந்த நிலவறைதான் இப்போது ஒழுகத் தொடங்கியிருக்கிறது.