தன் முதுகு தனக்குத் தெரியாது

2003-ஆம் வருஷம். சென்னையில் ஒரு கம்பெனியில் லினக்ஸுக்கு டிரைவர் எழுதும் குழுவுக்கு நான் பொறுப்பாளி. எங்கள் டிரைவரைப் போட்ட மெஷின் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அப்படியே நின்றுவிடும். மவுஸ் நகராது, திரையில் ஒரு செய்தியும் வராது.

"கடைசியாக இதில் கை வைத்தது யார்?" என்று கேட்டேன். புதிதாகச் சேர்ந்த பையன் எழுந்து நின்றான். எல்லோர் எதிரிலும் சத்தம் போட்டேன். "பார்க்கிறேன் சார்" என்றான், அவ்வளவுதான்.

சாதாரண புரோகிராம் நின்றால், அதே கம்ப்யூட்டரில் இன்னொரு புரோகிராமை வைத்துக் காரணம் பார்க்கலாம். கெர்னல் அப்படியல்ல. கீபோர்டு, திரை, டிஸ்க் எல்லாவற்றையும் நடத்துவதே அதுதான். அது நின்றால் உள்ளேயிருந்து பார்க்க ஆளில்லை. வெளியிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டர்தான் பார்க்க வேண்டும்.

பையன் அதைத்தான் செய்தான். கேஜிடிபி என்ற கருவி அப்போது லினக்ஸோடு சேர்ந்து வராது. 2008-ல் வந்த 2.6.26 பதிப்பில்தான் சேர்த்தார்கள். அதைத் தனியாக எடுத்துக் கெர்னலில் ஒட்டி, கம்பைல் செய்தான். இரண்டு மெஷின்களையும் நல் மோடம் கேபிளால் இணைத்தான். ஒரு பக்கம் பேசும் கம்பி மறுபக்கம் கேட்கும் கம்பியோடு சேரும்படி மாற்றிக் கட்டிய சீரியல் கேபிள் அது. வேகம் நொடிக்கு 115200 பிட்.

மூன்றாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு மெஷின் நின்றது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல்-சி அடித்தான். செத்துக் கிடந்ததாக நாங்கள் நினைத்த மெஷின் பதில் சொன்னது. அதன் இரண்டு பிராசசர்களும் ஒரே பூட்டுக்காகக் காத்துச் சுற்றிக்கொண்டிருந்தன. டிஸ்கில் எப்போதாவது பிழை வந்தால், பூட்டைத் திறக்காமலே வெளியேறிவிடும் வழி ஒன்று டிரைவரில் இருந்தது. அந்த வரிகளுக்கு மேலே, எழுதியவரின் இனிஷியல். என்னுடையது.

பையன் ஒன்றும் பேசவில்லை. திரையை மட்டும் என் பக்கமாக லேசாகத் திருப்பி வைத்தான்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் காலை, அவனைத் திட்டிய அதே இடத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, "தப்பு என்னுடையது. இவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றேன். சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, எந்த மெஷின் நின்றாலும் "யார் கை வைத்தது?" என்று நான் கேட்டதில்லை. "கேபிள் எங்கேப்பா?" என்றுதான் கேட்பேன்.