அழியாத குறி

கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில் பல மொழி பேசும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் தமிழரும் உளர். அதை அடுத்த ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்னும் இடத்தில் சலவைத்துறை ஒன்று உண்டு. அங்கே தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்து வருகின்றன. டச்சுக்காரர் காலத்தில் அழைத்து வரப்பட்டோரின் வழிவந்தவர்கள் இவர்கள் என்பர்.

அத்தகைய குடும்பத்தில் பிறந்து மட்டாஞ்சேரியில் வளர்ந்த மாணவி ஒருத்தி, மேற்படிப்புக்காகச் சிங்கப்பூர் செல்ல ஆயத்தமானாள். அவளுடைய மடிக்கணினியில் பாடக்குறிப்புகளோடு, மறைந்த பாட்டி பாடிய தாலாட்டுகளும் பதிவாகியிருந்தன. அக்குரல் வேறெங்கும் இல்லை.

"கணினி தொலைந்தால் வேறொன்று வாங்கலாம். பாட்டியின் குரலை எந்தக் கடையில் வாங்குவாய்?" என்று அண்ணன் கேட்டான். அன்றிரவே அவள் பதிவுகளைப் படியெடுத்து வீட்டில் வைத்தாள்.

"பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே கணினியை வைத்தால் அடிபடாதே" என்றார் அம்மா.

"வேண்டாம், அம்மா. இதிலுள்ள லித்தியம் மின்கலம் பழுதுபட்டால் தீப்பற்றக்கூடும். பயணிகள் பகுதியில் என்றால் பணியாளர்கள் உடனே கண்டு அணைப்பார்கள். சரக்கறையில் யார் பார்ப்பார்கள்? பவர் பேங்கையும் உதிரி மின்கலத்தையும் அங்கே வைக்கவே கூடாது" என்று விளக்கினான் அண்ணன். கணினி கைப்பைக்குள் சென்றது.

இவற்றைக் கேட்டிருந்த தாத்தா, "இதைப்போலவே வேறு கணினிகள் இருக்குமா?" என்று வினவினார்.

"ஆயிரக்கணக்கில் இருக்கும், தாத்தா."

"பல வீட்டு வேட்டிகள் ஒரே தொட்டியில் கிடக்கும். எல்லாம் வெள்ளைதான். ஆயினும் ஒரு வீட்டு வேட்டி மறுவீட்டுக்குப் போனதில்லை. குறிதான் காரணம். முன்பெல்லாம் சேராங்கொட்டைப் பாலால் குறியிடுவோம். எத்தனை முறை வெளுத்தாலும் அது போகாது" என்றவர், சிறு துணித்துண்டில் அழியாத மையால் பாட்டியின் பெயரின் முதலெழுத்தைத் தமிழில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டினார்.

நெடும்பாசேரி விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில், கணினியைப் பையிலிருந்து எடுத்துத் தனித்தட்டில் வைக்கச் சொன்னார்கள். அவள் சோதனை முடிந்து வருவதற்குள் தட்டு மறுபுறம் போய்விட்டது. அங்கே ஒருவர் கறுப்பு நிறக் கணினியொன்றைத் தம் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அதன் மேல் துணித்துண்டு தெரிந்தது.

"ஐயா, அது என்னுடையது" என்றாள். அவர் தயங்கினார். "மேலே ஒரு தமிழ் எழுத்து இருக்கிறது, பாருங்கள்." அவர் பார்த்தார். அடுத்த தட்டில் அவருடைய கணினி அதே நிறத்தில் கிடந்தது. வருந்தித் திருப்பிக் கொடுத்தார்.

சிங்கப்பூரில் அவள் தங்கிய அறையின் மின்செருகி, தட்டையான மூன்று முனைகளுக்கு உரியது. நம் நாட்டு உருண்டை முனைகள் அதில் பொருந்தா. உடன் கொண்டுவந்த இணைப்பி உதவியது. பாட்டியின் தாலாட்டு அவ்வறையில் ஒலித்தது.

அன்றிரவு தொலைபேசியில் தாத்தா முதலில் கேட்டது இதுதான்: "குறி அழியவில்லையே, அம்மா?"