27 அவுட்டும் ஒரு மழைமானியும்

பேஸ்போல்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு நான் எல்லேவைத்தான் காட்டுவேன். சித்திரை வருஷப்பிறப்புக்கு கிரவுண்ட்ல தடியால பந்தை அடிச்சிட்டு ஒவ்வொரு எல்லையா தாண்டி ஓடி வருவாங்களே, அது பேஸ்போலுக்கு கிரிக்கெட்டை விட நெருங்கின சொந்தம். மூணு பேர் அவுட் ஆனா ஒரு இன்னிங்ஸ் முடியும். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். இது தெரிஞ்சா மிச்ச கட்டுரையைப் படிச்சிடலாம்.

நான் விளையாடுறது மைதானத்துல இல்ல. 'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்போல்'னு ஒரு கம்ப்யூட்டர் கேம். மார்க்குஸ் ஹைன்சோன்ங்கிற ஜெர்மன்காரர் ஆரம்பிச்சது, 1999ல முதல் பதிப்பு வந்தது. 2020ல அந்தக் கம்பனியை கொரியாவோட கொம்டூஸ் வாங்கிருச்சு. இதுல நீங்க பந்தடிக்க மாட்டீங்க, வீச மாட்டீங்க. டீமோட மேனேஜர் நீங்க. யாரை வாங்குறது, யாரை விக்கிறது, யாரை எத்தனையாவது ஆளா இறக்குறதுன்னு தீர்மானிச்சிட்டு கையைக் கட்டி உக்காரணும். மிச்சத்தை நிகழ்தகவு பாத்துக்கும்.

கொரியாவுக்கு ஃபேக்டரி வேலைக்குப் போன பெரியப்பா மகன்தான் இதுக்குள்ள என்னை இழுத்துவிட்டது. அங்க பத்து டீம் இருக்கிற கேபிஓ லீக்னா ஊரே பைத்தியம். ரூம்ல கூட இருக்கிறவங்களோட மேட்ச் பாத்துப் பாத்து அண்ணனுக்கும் தொத்திக்கிச்சு. லீவுல வந்தப்போ பழைய லேப்டொப் ஒன்னையும், தள்ளுபடியில வாங்கின பழைய பதிப்பையும் குடுத்துட்டு, "தங்கச்சி, எங்க லீக்ல ஒரு டீம் காலியா இருக்கு, எடுத்துக்கிறியா?"ன்னு கேட்டாரு. எடுத்துக்கிட்டேன்.

ஒன்லைன் லீக் நடக்குற விதம் இது. லீக்கை நடத்துறவரை கமிஷனர்ம்பாங்க. அவர் சில நாளுக்கு ஒருக்கா லீக் ஃபைலை ஏத்துவாரு. நாம அதை இறக்கி, நம்ம டீம்ல மாத்த வேண்டியதை மாத்தி, நம்ம ஃபைலை மட்டும் திருப்பி அனுப்பணும். பிறகு அவர் ஒரு வாரத்து ஆட்டத்தை மொத்தமா ஓட்டுவாரு. நடுவுல கை வைக்க முடியாது. நாலாவது நாள் பிட்ச்சர் கைவலியில படுத்தாலும், நீங்க முன்னாடியே எழுதி வச்ச ஒழுங்குதான் ஓடும்.

லீக் ஃபைல் சில நூறு எம்பி வரும். கொழும்புல இருக்கிறவங்களுக்கு அது ஒன்னுமில்ல. எங்க டிவிஷன்ல சிக்னல் வேணும்னா ரோட்டோரத்து மோட்டைக்குப் போகணும், டேட்டாவும் இராத்திரி டேட்டாதான் கட்டுப்படியாகும். அதனால பன்னண்டு மணிக்குப் பிறகு ஃபோனை ஜன்னல் கம்பியில கட்டித் தொங்கவிட்டுட்டு தூங்கிருவேன். எனக்கு உதவுற டூல்கள் பட்டியல்ல முதல் இடம் அந்த ஜன்னல் கம்பிக்கு.

இப்போ கணக்குக்கு வருவோம்.

கிரிக்கெட்ல ஓவர் முடியும், விக்கெட் முடியும். பேஸ்போல்ல முடியிறது ஒன்னே ஒன்னு, அவுட். ஒரு ஆட்டத்துக்கு 27. நேரமோ பந்துக் கணக்கோ கிடையாது. கையில இருக்கிற காசு அந்த 27தான்னு புரிஞ்சா பாதி உத்தி தானா வந்துரும். பேட்டிங் சராசரியைப் பாத்து ஆள் எடுக்கிற மேனேஜர்கள் எங்க லீக்லயும் இருக்காங்க, அவங்க நல்லா இருக்கணும். நான் பாக்குறது ஒருத்தன் எத்தனை தரம் அவுட் ஆகாம பேஸுக்குப் போறான்ங்கிறதை. நாலு மோசமான பந்தை அடிக்காம விட்டா முதல் பேஸுக்கு சும்மா நடந்து போகலாம். சராசரியில அந்த நடை சேராது, ஓன்-பேஸ் விகிதத்துல சேரும். 'மணிபோல்' படம் பாத்தவங்களுக்கு இது தெரிஞ்ச கதை, 2002ல ஓக்லண்ட் டீம் செஞ்சது இதைத்தான்.

இதே கணக்குதான் பன்ட்டையும் கவுக்குது. முதல் பேஸ்ல ஆள் நிக்கிறான், யாரும் அவுட் இல்ல. அடுத்தவன் பந்தை மெதுவா தட்டி, தான் அவுட் ஆகி, நிக்கிறவனை ரெண்டாவது பேஸுக்கு நகத்துறது தியாகம்னு பேர் வாங்கின ஆட்டம். ஆனா பெரிய லீக்குகளோட பல வருஷத்துப் பதிவைப் பாத்தா, முதல் நிலையில இருந்து அந்த இன்னிங்ஸ்ல சராசரியா சுமார் 0.9 ரன் வருது. ஒரு அவுட் போய் ரெண்டாவது பேஸ்ல ஆள் நிக்கிற நிலையில சுமார் 0.7தான். தியாகம் செஞ்சு ஏழையாகுறோம். கடைசி இன்னிங்ஸ்ல ஒரே ஒரு ரன் வேணும்ங்கிற மாதிரி நேரத்தைத் தவிர, பன்ட் அளவை அடிமட்டத்துல வச்சிருங்க.

பிட்ச்சர் விஷயத்துல 2001ல வோரோஸ் மெக்ராக்கன்னு ஒருத்தர் எழுதினது பெரிய சண்டையைக் கிளப்பிச்சு. ஸ்ட்ரைக்-அவுட், நடை, ஹோம் ரன் இந்த மூணும்தான் பெருமளவு பிட்ச்சர் கையில இருக்கு. மைதானத்துக்குள்ள விழுற பந்து கேட்ச் ஆகுதா, இடைவெளியில போகுதாங்கிறதுல அவரோட பங்கு கொஞ்சம்தான். அப்படி விழுற பந்துல பொதுவா பத்துக்கு மூணு ஹிட் ஆகும். ஒரு பிட்ச்சருக்கு அது மூணரை, நாலுன்னு போனா, அவர் மோசம்னு அர்த்தமில்ல, பெரும்பாலும் நேரம் சரியில்லைன்னு அர்த்தம். அவரோட மேனேஜர் வெறுத்துப் போயிருக்கிற அந்த வாரத்துல போய் மலிவா வாங்குங்க. என் டீமோட முதல் ரெண்டு பிட்ச்சரும் இப்படி வந்தவங்கதான்.

டீமுக்கே அதிர்ஷ்டம் அடிக்குதான்னு பாக்க பில் ஜேம்ஸோட பைதகரஸ் சூத்திரம் இருக்கு. எடுத்த ரன்னோட வர்க்கத்தை, எடுத்த ரன், குடுத்த ரன் ரெண்டோட வர்க்கங்களின் கூட்டுத்தொகையால வகுக்கணும். 700 எடுத்து 650 குடுத்த டீம்னா 0.537 வரும். 162 ஆட்டத்துக்கு 87 வெற்றி. அப்படி ஒரு டீம் 95 ஜெயிச்சு துள்ளிக்கிட்டு இருந்தா, அடுத்த வருஷம் அதைப் பாத்துப் பயப்படத் தேவையில்ல.

பார்க் ஃபேக்டர்னு ஒன்னு இருக்கே, அதை எனக்குப் புரிய வச்சது எங்கம்மா. டென்வர் நகரம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்துல இருக்கு. பண்டாரவளையை விட உயரம், நுவரெலியாவை விட தாழ்வு. காத்து மெலிசு, பந்து பறக்கும். 2002ல இருந்து அங்க பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்துற அறையில வச்சுத்தான் எடுக்குறாங்க, அப்படியும் ரன் கொட்டுது. இதை அம்மாகிட்ட சொன்னப்போ கொழுந்துக் கூடையை இறக்கி வச்சிட்டு சொன்னாங்க: "இதுல என்னடி அதிசயம்? நல்ல மலையில யாரு போனாலும் இருவது கிலோ வரும். ஏழாம் நம்பர்ல பன்னண்டு கிலோ எடுத்தவதான் கைகாரி. ஆனா நிறுவையில மலையையா எழுதுறாங்க, கிலோவைத்தானே எழுதுறாங்க. வரலைன்னா அரைப் பேரு." கிலோவை மலையால வகுக்கணும்ங்கிற சூத்திரம் அவங்களுக்கு எப்பவோ தெரியும். அதை எழுத ஒரு கட்டம் செக்ரோல்ல இல்ல, அவ்வளவுதான்.

டூல்கள்னு பெருசா தேட வேணாம். கேம்லயே எல்லா ஆட்டக்காரர்களோட பட்டியலையும் எடுத்து ஸ்ப்ரெட்ஷீட்ல போடலாம். எக்ஸல் இல்லைன்னா கூகுள் ஷீட்ஸ் போதும், ஃபோன்லயே ஓடும். ஓன்-பேஸ், நடைக்கும் ஸ்ட்ரைக்-அவுட்டுக்கும் உள்ள விகிதம், வயசு, சம்பளம்னு நாலு நிரல் வச்சு வரிசைப்படுத்துங்க. லீக் வச்சிருந்தா ஸ்டாட்ஸ்பிளஸ் பக்கத்துல மத்த டீம்களோட கணக்கையும் பாக்கலாம். சொல் புரியலைன்னா ஃபேன்கிராஃப்ஸ் தளத்துல விளக்கம் இருக்கு. 30 வயசு தாண்டின ஆளுக்கு நீண்ட ஒப்பந்தம் போடாதீங்க. இடதுகைக்காரனை இடதுகை பிட்ச்சருக்கு எதிரா இறக்காதீங்க. இதெல்லாம் யாரும் சொல்லுவாங்க.

யாரும் அவ்வளவா பேசாத ஒன்னு, தற்செயல். இந்த கேம்ல 'திறமை மாற்றத் தற்செயல்'னு ஒரு அமைப்பு இருக்கு. இருபத்திரண்டு வயசுப் பையன் காரணமே இல்லாம ஒரு காலையில சுமாரானவன் ஆகிருவான். ரொபர்ட் கூவர் 1968ல எழுதின ஒரு நாவல்ல கணக்கெழுதுற ஒருத்தன் பகடை உருட்டி பேஸ்போல் லீக் நடத்துவான். அவனுக்குப் பிடிச்ச இளம் பிட்ச்சர் ஒரு பகடை விழுந்த விதத்துல செத்துப்போவான். அவனால அதைத் தாங்கிக்கவே முடியாது. அண்ணன் இந்தக் கதையை ஃபோன்ல சொல்லிட்டு, "விதி அவ்வளவுதான் தங்கச்சி"ன்னாரு. எங்க பக்கத்துல அந்தச் சொல்லைக் கேட்டா எனக்கு உள்ளுக்குள்ள சுருக்குங்கும்.

2014 ஒக்டோபர் 29. தீபாவளி முடிஞ்சு ஒரு கிழமை. காலையில மீரியபெத்தவுல மலை இறங்கி லயங்களை மூடிருச்சு. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தப்போ வீடு இருந்த இடம் மண்ணா இருந்துச்சு. காணாமப் போனவங்க பலரை கடைசி வரைக்கும் தோண்டி எடுக்கல. நாங்க பக்கத்து டிவிஷன். அந்தச் சத்தத்தை விதின்னு சொல்லிப் பழகின பெரியவங்க நடுவுலதான் நான் வளந்தேன். ஆனா அது பகடை இல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லயும் 2011லயும் அந்த இடம் ஆபத்துன்னு சொல்லியிருந்தது. அட்டவணை இருந்துச்சு, படிச்சுப் பாத்து நடக்க வேண்டியவங்க நடக்கல. எங்க லீக்ல ஒரு டீமை வேற நகரத்துக்கு மாத்தணும்னா கமிஷனருக்கு ஒரு மெசேஜ் போட்டா போதும். லயத்துல இருக்கிறவங்க எங்க போறது? நிக்கிற நிலம் அவங்களோடது இல்ல. தப்பிப் பொழைச்சவங்களுக்கு மக்கல்தெனியவுல 75 வீடு கிடைக்கவே 2016 ஒக்டோபர் ஆச்சு. 2023 மார்ச்ல பூனாகலை கபரகலையில திரும்பவும் மண் சரிஞ்சது.

அதனால என் ஸ்ப்ரெட்ஷீட்ல ரெண்டாவது தாள் ஒன்னு இருக்கு. அது மழைக் கணக்கு. வாசல்ல அப்பா ஒரு மழைமானி நட்டு வச்சிருக்காரு. 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர்னா விழிப்பு, 100னா எச்சரிக்கை, 150னா வெளியேறணும். இது அந்த நிறுவனம் சொல்ற அளவு. எங்க வீட்டு ஒழுங்கு இன்னும் கொஞ்சம் இறுக்கம். 75ல அடையாள அட்டை, மருந்து, சார்ஜர் எல்லாம் பையில. 100ல கிளம்பிரணும், அதுக்கு மேல பேச்சு கிடையாது. லீக் ஃபைல் அனுப்புற மாதிரிதான். மழை கொட்டுற இராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்கும் நிதானமா யோசிக்க வராது, முன்னாடியே எழுதி வச்சதுதான் ஓடும்.

போன வருஷம் மூணு தரம் கிளம்பினோம். மூணு தரமும் ஒன்னும் நடக்கல. ஈரத்தோட ஸ்கூல் ஹோல்ல படுத்து எந்திரிச்சு, அம்மாவுக்கு ரெண்டு பேர் போச்சு. "ஒன்னுமே நடக்கலையேடி, உன் கம்ப்யூட்டர் கணக்கு இதுதானா?"ன்னு கேட்டாங்க. நான் ஒரு தாள்ல எழுதிக் காட்டினேன். கிளம்பி ஒன்னும் நடக்கலைன்னா நட்டம் ஒரு நாள் பேர். கிளம்பாம நடந்துட்டா நட்டம் நாலு பேர். இந்த 'பேர்' அந்தப் 'பேர்' இல்லம்மான்னேன். அம்மா தாளைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க, ஒன்னும் சொல்லல. அடுத்த அடைமழைக்கு மானியைப் பாக்க டோர்ச்சோட முதல்ல வெளிய போனது அவங்கதான்.

இப்போ எங்க டீம் நாலாவது இடம், பைதகரஸ்படி ரெண்டாவது. ஷார்ட்ஸ்டாப்புக்கு 31 வயசாச்சு, வாங்க ஆள் தேடிக்கிட்டு இருக்கேன். அண்ணன் கேக்குறாரு, நான் தர்றதா இல்ல. அவர் டீம்ல குடுக்கிறதுக்கு நல்ல பிட்ச்சரே கிடையாது.