எண்ணெய்ச் சட்டி ஏறாத தீபாவளி

துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது. பலகாரம் என்றால் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. அப்படிப்பட்ட வீட்டின் கதவை ஒரு சீமைப் பண்டிகை வந்து தட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் செய்ததைச் சொல்லுகிறேன். சரியா, தப்பா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் தருமபுரி ஜில்லாவில் கம்பைநல்லூர். 2023-ஆம் வருஷம் தீபாவளி முடிந்த அதே வாரத்தில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். மறு வருஷம் முதல் திதி கொடுப்பதற்காக என் மகன் அமெரிக்காவிலிருந்து மனைவியோடும் ஆறு வயதுப் பையனோடும் வந்தான். மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து அவன் தன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆரம்பித்தால் எங்கே போய் நிற்குமோ என்று இருவருக்கும் பயம்.

2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தது. திதிக்கு இன்னும் நாலு நாள். தெரு முழுக்க வெடிச் சத்தம். எங்கள் வாசலில் மட்டும் ஒரு கோலம்கூட இல்லை. திண்ணையில் உட்கார்ந்து மற்றக் குழந்தைகளின் மத்தாப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பேரன் மெதுவாக உள்ளே வந்தான்.

"பாட்டி, நமக்குத் தீபாவளிதான் இல்லை. இன்னிக்கு ஹாலோவீன். அதுவாவது உண்டா?"

நான் விழித்தேன். மருமகள் விளக்கினாள். நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர்கள் திருநாள். மறுநாள்தான் நம் ஊரிலும் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள். புனிதர் திருநாளுக்கு முந்தின இரவு ஹாலோவீன். அன்றிரவு இறந்தவர்கள் வீடு தேடி வருவார்கள் என்பது அயர்லாந்துக்காரர்களின் பழைய நம்பிக்கை. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி விளக்கு வைத்தார்களாம். அமெரிக்காவுக்குக் குடியேறினவர்கள் அதைப் பரங்கிக்காயில் செய்தார்கள்.

"நாம பூசணிக்காயிலே பூத முகம் எழுதி வாசல்ல கட்டறோமே, கிட்டத்தட்ட அது மாதிரிதான் அத்தை!" என்றாள்.

"பாட்டி, மம்மி பண்ணலாம்!" என்று குதித்தான் பையன்.

"உன் மம்மிதான் பக்கத்திலேயே நிற்கிறாளே! இன்னொன்று எதற்கடா?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அது எகிப்து தேசத்து மம்மி. பாலாடைக் கட்டியை மாவு நாடாவால் சுற்றி, இரண்டு கண் வைத்துச் சுட்டு எடுப்பார்களாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துக்க வீட்டில் துணி சுற்றிய உருவமா? போன வருஷம் வெள்ளை வேட்டி போர்த்திக் கூடத்தில் கிடத்தியிருந்த உருவம் கண் முன்னால் வந்து நின்றது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பையனின் முகத்தைப் பார்த்ததும் வேறு கேள்வி வந்தது.

"அதற்கு எண்ணெய் வைக்கணுமா?"

"வேண்டாம் அத்தை. சுடறதுதான்."

யோசித்துப் பார்த்தேன். பெரியவர்கள் தடுத்தது எண்ணெய்ச் சட்டியை, சுடுவதைத் தடுக்கவில்லை. ஹாலோவீனைப் பற்றியோ அவர்கள் மூச்சே விடவில்லை!

அடுத்த சங்கடம் பால். பால் திரிந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார் என் மாமியார். நானோ இரண்டு லிட்டர் பசும்பாலைக் கொதிக்க வைத்து, நாலு மேஜைக்கரண்டி எலுமிச்சம்பழச் சாற்றை விட்டு, வேண்டுமென்றே திரித்தேன். துணியில் வடிகட்டிக் கல்லை ஏற்றி வைத்ததில் முந்நூறு கிராமுக்கு மேல் கட்டி கிடைத்தது. இப்படிப் புளிப்பு விட்டுத் திரித்த கட்டி சூட்டில் உருகி ஓடாது. உருவம் கலையாமல் நிற்கும். உள்ளே கொஞ்சம் இளகி வரட்டும் என்று மருமகள் கடைச் சீஸைத் துருவிச் சேர்த்தாள். உப்பும் தட்டின மிளகும் போட்டுப் பிசைந்து, நீளக் கொழுக்கட்டை மாதிரி எட்டுப் பிடித்தோம்.

இரண்டு கப் மைதாவில் நூறு கிராம் வெண்ணெயையும் துளி உப்பையும் பிசிறி, குளிர்ந்த தண்ணீர் தெளித்துப் பிசைந்து, அரைமணி ஊறவிட்டோம். சப்பாத்தி போல் இட்டு, அரை விரல் அகலத்துக்கு நாடா நாடாவாகக் கீறினேன். சுற்றும் வேலை பேரனுக்கு. முகம் மட்டும் தெரியும்படி விட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மிளகைக் கண்ணாகப் பதித்து, மேலே பால் தடவினான்.

சுடுவதற்கு அடுப்பு? பரணிலிருந்து பழைய இரும்புச் சட்டியை இறக்கினேன். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு உலர்ந்த மணல், அதன்மேல் பிரிமனை, பிரிமனைமேல் தட்டு. சிறு தீயில் சட்டி நன்றாகச் சூடேறியதும் தட்டை உள்ளே வைத்து மூடி, மூடியின்மேல் கொட்டாங்கச்சித் தணலைப் பரப்பினேன். கீழும் மேலும் சூடு பரவினால்தான் நிறம் வரும். நாற்பது நிமிஷம் ஆகும்.

அப்போது மகன் பின்கட்டுக்கு வந்தான். சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அம்மா, அப்பா மணல் போட்டு வேர்க்கடலை வறுப்பாரே, அந்தச் சட்டிதானே இது?"

"அதேதான்" என்றேன்.

"ஒரு தடவை கைப்பிடியைத் தொட்டுட்டு, யாருக்கும் தெரியாம இருக்கக் கையைப் பின்னாலே கட்டிக்கிட்டு நின்னாரே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்குக் கண்ணீர் வந்தது. அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். மணல் சட்டி சூடாகிக்கொண்டிருந்த அந்த நாற்பது நிமிஷமும் ஒரு வருஷத்துப் பேச்சைப் பேசித் தீர்த்தோம்.

மூடியைத் திறந்தபோது எட்டு மம்மிகளும் பொன்னிறமாக எங்களை முறைத்துப் பார்த்தன. ஒன்றுக்கு அடி கொஞ்சம் கருகிவிட்டது. அதிரசத் தட்டோடு வந்த எதிர்வீட்டு அம்மாள், "இதென்ன, சாமியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே இளக்கம், நடுவில் மிளகுக் காரம். தின்று முடித்துவிட்டு, "எந்த சாமியானால் என்ன? நன்றாயிருக்கு" என்றார்.

அன்று மாலையே அமாவாசை பிறந்துவிட்டது. அமாவாசைக்குப் பித்ருக்கள் வாசலுக்கு வருவார்கள் என்று நாம் சொல்லவில்லையா? யாரும் சொல்லாமலே பேரன் ஒரு மம்மியை வாழையிலைத் துண்டில் எடுத்துப்போய்த் தாத்தா படத்துக்கு முன்னால் வைத்தான்.

"தாத்தா வந்தா பசிக்குமில்லே, பாட்டி?"

அவன் வைத்தது அடி கருகாத ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது என்பதையும் நான் கவனித்தேன்.

சரியா, தப்பா? இப்போது சொல்லுங்கள்.