பிழைத்தாரும் தவறினாரும்

சென்ற பருவத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு வைத்த அகமதிப்பீட்டுத் தேர்வில், எதிர்ச்சொல் எழுதுமாறு ஐந்து சொற்களைக் கொடுத்திருந்தேன். அவற்றுள் ஒன்று 'பிழைத்தார்'. பெரும்பாலோர் 'இறந்தார்' என்று எழுதியிருந்தனர். ஒரு மாணவி மட்டும் 'தவறினார்' என்று எழுதியிருந்தாள். அதைச் சுழிக்கப்போன சிவப்புப் பேனா பாதியில் நின்றுவிட்டது.

பிழை, தவறு, தப்பு மூன்றும் ஒருபொருட் சொற்கள் என்றுதான் அதே வகுப்பில் நடத்தியிருந்தேன். பெயர்ச்சொல்லாக இருக்கும்வரை அவை ஒற்றுமையாகத்தான் இருக்கின்றன. மருத்துவமனை வாசலில் வினையாக மாறும்போதோ திசை பிரிந்துவிடுகின்றன. பிழைத்தவரும் தப்பியவரும் வீடு திரும்புகிறார்கள். தவறியவர் திரும்புவதில்லை.

நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்து, இன்று எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்திருப்பதை எல்லாரும் அறிவோம். அது காலத்தால் நேர்ந்த மாற்றம். பிழைத்தல் அப்படியன்று. குற்றம் செய்தல், உயிரோடிருத்தல் என்னும் இரு பொருளையும் இன்றும் ஒருசேரச் சுமந்துகொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் 'கிளீவ்' என்ற வினைக்குப் பிளத்தல், ஒட்டிக்கொள்ளுதல் என இரு எதிர்ப்பொருள்கள் உண்டு. ஆனால் அவை வெவ்வேறு வேர்களிலிருந்து வந்து காலப்போக்கில் ஒரே ஒலியில் கலந்தவை. நம் சொல்லிலோ இரு பொருளும் ஒரே செயலுக்குள் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அச்செயல், குறி தப்புதல்.

படைச்செருக்கு அதிகாரத்தில், 772ஆம் குறளில், முயலைத் தைத்த அம்பையும் யானையைத் தைக்காமல் போன வேலையும் வள்ளுவர் ஒப்பிடுகிறார். வேல் குறி தவறியதைச் சொல்ல அவர் ஆளும் சொல் பிழைத்தல். பல ஆண்டுகள் அக்குறளை வீரன் பக்கம் நின்றே பாடம் நடத்தினேன். யானையின் பக்கம் நின்று பார்க்கத் தோன்றியதில்லை. வேல் பிழைத்தது, அதனால் யானை பிழைத்தது. எய்தவனுக்குக் குற்றமாக நின்ற சொல், எய்யப்பட்டதற்கு உயிராகிவிடுகிறது.

இதை எனக்குக் காட்டியது உரையாசிரியர் எவருமல்லர். 2009ஆம் ஆண்டில் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. இரவு தாண்டுவது கடினம், உறவினருக்குச் சொல்லிவிடுங்கள் என்றார் மருத்துவர். விடிந்தபோது அப்பா கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். மருத்துவரின் கணிப்பு பிழைத்தது, அப்பா பிழைத்தார். அந்தக் காலையில் இவ்வாக்கியம் எனக்குள் தானாக வந்து நின்றது. சிலேடைக்காக நான் தேடியதன்று.

அப்பா ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலம். ஈரம் காயாத காகிதத்தில் தலைகீழாய் நிற்கும் எழுத்தையும் விடுபட்ட ஒற்றையும் தேடித்தேடியே அவர் கண்ணாடி தடித்தது. வீடு திரும்பிய பிறகு ஒரு மாலை, வேலையும் யானையையும் அவரிடம் சொன்னேன். சிரித்தார். "பிழையாலேயே பிழைச்சவன்டா நான். எல்லாரும் பிழையில்லாம எழுதியிருந்தா உங்களையெல்லாம் எதை வெச்சு வளர்த்திருப்பேன்?" என்றார்.

அதன்பின் ஐந்தாண்டுகள் இருந்தார். 2014இல் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தபோது கைபேசி இரண்டுமுறை அதிர்ந்தது. கையிலிருந்த கட்டை முடித்துவிட்டுப் பேசலாம் என்று விட்டுவிட்டேன். மூன்றாம்முறை எடுத்தேன். "மாப்ளே, மாமா தவறிட்டாரு" என்றார் அக்காள் கணவர். இறந்தார் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அமங்கலத்தை மாற்றிச் சொல்வதை மங்கலம் என்று பெயரிட்டுத் தகுதி வழக்கில் வைத்திருக்கிறது நன்னூல். ஆண்டுதோறும் நடத்தும் பாடம்தான். அன்று அச்சொல் என் காதில் மங்கலமாக விழவில்லை. தவறியவர் அப்பாதானா, முதல் இரண்டு அழைப்பையும் எடுக்காத நானா என்றே கேட்டது. இன்றும் அப்படித்தான் கேட்கிறது.

அந்த மாணவிக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். தாளைத் திருப்பித் தந்தபோது, இச்சொல் எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "எங்க தாத்தாவை அப்படித்தான் சொன்னாங்க ஐயா" என்றாள். சற்று நின்றுவிட்டு, "அப்படின்னா பிழைக்கு எதிர்ச்சொல் என்னங்க ஐயா?" என்றாள்.

சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பழைய புத்தகங்களின் கடைசிப் பக்கம் நினைவுக்கு வந்தது. அங்கே இரண்டு பத்திகள் இருக்கும். இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் திருத்தம். அப்பா வாழ்நாளெல்லாம் வலப்பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தவர்.

"திருத்தம்" என்றேன்.